நகம் நறுக்கிய குஞ்சுகள்

பினாங்கு
12 ஜூன் 1946

அன்புள்ள தங்கை செல்லக்கனிக்கு,

அண்ணன் காசிலிங்கம் எழுதுவது. நான் இங்கு வந்து பதினொரு நாளாகிறது. என்னை வக்கீலாக அமர்த்தி அனுப்பிய தூத்துக்குடி வியாபாரிகளின் யுத்த நஷ்ட மனு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. ஆகவே கிடைத்த இடைவெளியில் உனக்கு வாக்களித்தபடி உன் கணவரைத் தேடும் வேலையைத் தொடங்கிவிட்டேன். தெரிந்ததை மட்டும், அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாமல் எழுதுகிறேன்.

வன்னியபெருமாள் கிராணியாகக் கணக்கு எழுதிய ரப்பர் தோட்டத்துக்குச் சென்ற வியாழக்கிழமை போனேன். ஆள் பதிவேடுகள் எல்லாம் எரிந்துபோயின. இப்போது அங்கே எழுத்து வேலையில் இருப்பவர் நம் திரேஸ்புரத்துப் பவுல். 1943இல் ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது வன்னியபெருமாளையும் அவரையும் ஒரே சரக்கு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். பவுல் யுத்தம் முடிந்து திரும்பி வந்தார். அவர் சொன்னதை அவர் வாய்ச்சொல்லாகவே தருகிறேன்.

“எல்லைக்கு முந்துன ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சு, அண்ணாச்சி. ‘தொண்ட காயுது, தண்ணி குடிச்சிட்டு வாரேம்லே, எடத்த விட்டுராத’ன்னு எறங்குனான். அவன் துண்ட விரிச்சிப் போட்டு நான்தான் எடம் பிடிச்சி வச்சிருந்தேன். வண்டி பொறப்பட்டுட்டு. துண்டு மட்டும் எங்கிட்ட இருந்துச்சு.”

“அவரைச் சுட்டதைப் பார்த்தீர்களா?”

“பாக்கல.”

“தப்பி ஓடியதை?”

“அதையும் பாக்கல. பாக்காதத எல்லாம் எதுக்கு அண்ணாச்சி எங்கிட்டக் கேக்கிய?”

ஆக, நம்மிடம் இருப்பது ஒரு துண்டும் ஒரு ரயில் நிலையத்தின் பெயரும். இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர இயலாது. நீயும் வர வேண்டாம்.

இந்தக் கடிதத்தை இத்தோடு முடிக்க மனம் வரவில்லை. வேறு ஒன்று எழுதுகிறேன். பஸ் போகும் வழியெங்கும் மலாய்க்காரர் கிராமங்கள். வீடுகள் மரக்கால்கள்மேல் நிற்கின்றன. அவற்றின் அடியில் கோழிகள். நம் நாட்டுக்கோழி போலவேதான். ஆனால் உடம்பு சிறுத்து, கால் நீண்டு, ஆள் நெருங்கினால் காடை போல எழும்பிப் பறக்கின்றன. பொழுது சாய்ந்ததும் பஞ்சாரத்தில் அடைப்பாரில்லை. அவையே மரத்தில் ஏறிக் கிளையில் வரிசையாக அமர்ந்துவிடுகின்றன. பத்து வீட்டுக் கோழியும் ஒன்றாகத்தான் மேய்கின்றன. எதன் காலிலும் அடையாளம் கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த தமிழரிடம் இதுபற்றிக் கேட்டேன். “தன் வீடு தெரியாத கோழியை யார் வளர்ப்பார்கள்?” என்று சிரித்தார். உன் கோழிச் சண்டைகள் நினைவுக்கு வந்தன.

அண்ணன்
காசிலிங்கம்

*

மாப்பிள்ளையூரணி
1 ஜூலை 1946

அன்புள்ள அண்ணனுக்கு,

செல்லக்கனி எழுதிக்கொண்டது. உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். துண்டு என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. பச்சைக்கரை போட்டதா என்று பவுலிடம் கேளுங்கள். அது நான் எடுத்துக் கொடுத்தது.

கோழியைப் பற்றி எழுதினீர்களே என்று நானும் எழுதுகிறேன். அம்மா சொல்லிக் கொடுத்தபடிதான் இன்னும் செய்கிறேன். குஞ்சு பொரித்த ஏழாம் நாள், பாக்குவெட்டியால் இடது கால் நடுவிரல் நகமும் வலது கால் பின்விரல் நகமும் நுனிச் சதையோடு நறுக்கி, மஞ்சளும் எண்ணெயும் வைத்துவிடுகிறேன். பிறகு அது முளைப்பதில்லை. போன வாரம்கூட அடுத்த வீட்டு முத்துக்கனி மதினி என் சாம்பல் பெட்டையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “இது எங்க வீட்டுக் கோழில்லா” என்றாள். “கால விரிச்சிக் காட்டுங்க மதினி” என்றேன். காட்டினாள். “சனியன், எனக்கும் இதே மாதிரித்தான் ஒண்ணு நின்னுச்சு” என்று கீழே விட்டாள்.

அவர் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார். “ஏளா, கோழிகிட்டயெல்லாம் கைநாட்டு வாங்குதியே” என்பார். கப்பலேறப் போன அன்றைக்குக் காலை நீட்டிக் காட்டி, “எனக்கும் ரெண்டு நகத்த நறுக்கி விட்டுரு, தொலைஞ்சா கண்டுபிடிக்க ஆவும்” என்றார். வழிப்பயணம் போகிற ஆள் பேசுகிற பேச்சா என்று அத்தை ஏசினாள்.

அண்ணே, ஒன்று கேட்கிறேன். யாரிடமும் கேட்காதது. யுத்தம் அங்கே வருவதற்கு முன்னால், அந்தக் கார்த்திகையில் நாகப்பட்டினம் வந்த கப்பலில் நம் ஊர்த் தேவபிரசாதம் வந்தார். அவரோடு ஏழு பேர் வந்தார்கள். இவரும் அதே சீமையில்தானே இருந்தார். அவர்களுக்கு வரத் தெரிந்தது, இவருக்கு ஏன் தெரியவில்லை? இந்த வீட்டுக்கு வர மனசில்லாமல்தான் அங்கேயே இருந்துவிட்டாரோ? ஐந்து வருஷமாக இதை நினைத்துக்கொண்டுதான் உலை வைக்கிறேன். உங்களிடம் அவர் ஏதாவது சொல்லியிருந்தால் மறைக்க வேண்டாம்.

இசக்கியம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் இன்னும் ஊரைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறார் என்று ஒரு சேதி வந்தால் அறுக்கிறேன் என்று நேர்ந்தது. நாலு வயது தாண்டிவிட்டது. காலில் முள் வளைந்து சரியாக நடக்க முடியவில்லை. நேர்ச்சைச் சேவல் என்று எல்லா வீட்டிலும் தானியம் போடுகிறார்கள்.

உங்கள் தங்கச்சி
செல்லக்கனி

*

பினாங்கு
16 ஜூலை 1946

அன்புள்ள தங்கை சௌபாக்கியவதி செல்லக்கனிக்கு,

நேற்று முன்தினம், அதாவது பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பவுல் குறிப்பிட்ட ரயில் நிலையத்துக்குப் போனேன். நிலையத்துக்குக் கிழக்கே இரண்டு மைலில் ஒரு கிராமம் இருக்கிறது. அதற்கு அப்பால் காடுதான். தண்ணீர் தேடி இறங்கிய ஒருவன் ஓடினால் அந்தத் திசையில்தான் ஓடியிருக்க வேண்டும் என்று ஊகித்து நடந்தேன்.

கிராமத்தின் கடைசி வீட்டருகே ஒரு பெட்டைக்கோழி குஞ்சுகளோடு சீய்த்துக்கொண்டிருந்தது. ஈர மண். குஞ்சுகளின் கால் தடம் தெளிவாகப் பதிந்திருந்தது. நான் ஏன் குனிந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை; உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது காரணமாகலாம். இடது தடத்தில் நடுவிரல் குட்டையாக இருந்தது. ஒரு குஞ்சைப் பிடித்துப் பார்த்தேன். வலது கால் பின்விரலிலும் நகமில்லை. மற்றொன்றைப் பிடித்தேன்; அதற்கும் அப்படியே. தாய்க்கோழி என் கையைக் கொத்திக் காயமாக்கிற்று. பிடிக்க முடிந்த ஐந்தில் ஐந்துக்கும் அதே இரண்டு விரல்.

வீடு பூட்டிக் கிடந்தது. அக்கம்பக்கத்தார் பேசியது எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்காரப் பெண் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறாள், சில நாளில் வருவாள் என்ற அளவுக்குச் சைகையால் புரிந்துகொண்டேன். மறுநாள் பினாங்கில் மனு விசாரணைக்கு இருந்ததால் நான் தங்க இயலவில்லை. மலாய் மொழி தெரிந்த ஒருவரோடு அடுத்த வாரம் திரும்பப் போவேன்.

இதுவரை எழுதியவை நான் கண்ணால் கண்டவை. இனி எழுதுவது ஊகம். இந்த நாட்டில் கோழிக் காலில் அடையாளம் வைக்கும் வழக்கமில்லை என்று முன்பே எழுதினேன். அந்தக் குஞ்சுகள் பொரித்து இருபது நாளுக்கு மேல் இராது. கோழியின் அடையாளம் குஞ்சுக்குத் தானாக வருவதில்லை. யாரேனும் கையில் எடுத்து நறுக்க வேண்டும். ஆகவே நம் வீட்டு அடையாளத்தை அறிந்த ஒரு கை இருபது நாளுக்குள் அங்கே உயிரோடு இருந்திருக்கிறது.

செல்லக்கனி, இது தீர்ப்பல்ல. நான் திரும்பப் போய் விசாரித்து எழுதும்வரை எதுவும் செய்யாதே, யாரிடமும் சொல்லாதே. விசாரணைக்கு முன்பே உனக்கு எழுதியிருக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிகிறது. தெரிந்தே எழுதுகிறேன். ஐந்து வருஷத்தில் உனக்கு எழுத எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை இது.

நீ கேட்ட கேள்விக்கு நேரில் பதில் சொல்கிறேன்.

அண்ணன்
காசிலிங்கம்

*

மாப்பிள்ளையூரணி
31 ஜூலை 1946

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌபாக்கியவதி என்று என் பெயருக்கு முன்னால் எழுதியிருந்தீர்கள். ஐந்து வருஷமாக நீங்கள் அதை எழுதவில்லை. விட்டது எனக்குத் தெரியும், கேட்டதில்லை. உறையைப் பிரித்ததும் அதைத்தான் முதலில் பார்த்தேன். மீதியை வாசிக்காமலே அழுதேன்.

எதுவும் செய்யாதே என்று எழுதியிருந்தீர்கள். வக்கீலுக்கு அப்படி எழுதத்தான் வேண்டும். ஆனால் அம்மனிடம் உயிரோடு இருக்கிறார் என்ற சேதி வந்தால் என்றுதானே சொன்னேன். ஆள் வந்தால் என்று சொல்லவில்லை. சேதி வந்த பிறகும் கொடுக்காமல் இருந்தால் அது அவருக்குத்தான் ஆகாது. நேற்று ஆடிச் செவ்வாய். சேவலைக் கொண்டுபோனேன். அதற்கு நடக்க முடியாததால் இடுப்பில் வைத்துத்தான் தூக்கிப் போனேன். பூசாரி தண்ணீர் தெளித்ததும் தலையை உதறிச் சம்மதம் சொல்லிற்று. ஊருக்கே சோறு. முத்துக்கனி மதினிதான் அண்டா கொடுத்தாள். “ஏளா, ஒன் கோழிக் காலத் தடவிப் பாத்துப் பாத்து எனக்குக் கை தேஞ்சது, கடைசில அதுதான் ஒன் புருசனக் காட்டிக் குடுத்திருக்கு” என்றாள். எல்லாரும் சிரித்தோம். நான் சத்தமாகச் சிரித்தது எனக்கே கூச்சமாக இருந்தது.

அந்த வீட்டுக்காரி யார் என்று நான் கேட்க மாட்டேன். அவர் அவளோடு குடித்தனம் நடத்தினாலும் சரி. கோழிக்கு என் அடையாளத்தைத்தானே வைத்திருக்கிறார். மனசில்லாதவர் என்றால் அதைச் செய்வாரா? இது போதும் எனக்கு. வரச் சொல்லுங்கள். வர முடியாது என்றால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி
செல்லக்கனி

*

பினாங்கு
16 ஆகஸ்ட் 1946

தங்கை செல்லக்கனிக்கு,

வன்னியபெருமாள் உயிரோடு இல்லை.

இதற்கு முன் மூன்று கடிதங்கள் எழுதத் தொடங்கினேன். மூன்றிலும் இந்த வரி மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டது. அதனால் கிழித்துவிட்டு முதலில் எழுதுகிறேன்.

இது எனக்குத் தெரிந்தது ஜூலை 24ஆம் தேதி. அன்றே தந்தி கொடுத்திருந்தால் சேவலை அறுத்திருக்க மாட்டாய். நான் கொடுக்கவில்லை. தந்தி ஆபீஸ்வரை போய்த் திரும்பினேன். உன் கடிதம் வந்தபின் மேலும் மூன்று நாள் சும்மா இருந்தேன். இதற்குக் காரணம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

என்னோடு வந்து மொழிபெயர்த்தவர் அந்த ஊர்ச் சந்தையில் கடை வைத்திருக்கும் காயல்பட்டினத்து நயினார். வீட்டுக்காரியின் பெயர் ஹலீமா. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட விதவை. அவளுடைய ஒரே மகனையும் அதே ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள், அவன் திரும்பவில்லை. அவன் போன அதே மாதத்தில்தான் உன் கணவர் வாழைத் தோப்புக்குள் விழுந்து கிடந்திருக்கிறார். தூக்கி வந்து மகனின் சட்டையைக் கொடுத்து வைத்துக்கொண்டாள். பதினான்கு மாதம் அங்கே இருந்தார். 1944 ஐப்பசியில் காய்ச்சலில் இறந்தார். அடக்கம் செய்த இடத்தைப் பார்த்தேன். வேலியோரம், தென்னை ஒன்றின் கீழ். கோழிகள் அங்கேயும் மேய்ந்துகொண்டிருந்தன.

குஞ்சுகளின் நகத்தை நறுக்குவது ஹலீமா. நயினார் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“கோழி கலந்துபோவாம இருக்க இப்பிடி வெட்டணும்னு இவகளோட பாக்குவெட்டிய வாங்கி வெட்டிக் காட்டுனாராம். பொறவு காய்ச்சல்ல படுத்தப்போ, ‘நான் போனாலும் விடாம வெட்டுங்க. எங்க வீட்டுல இருந்து யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா கோழிக் காலப் பாத்துத் தெரிஞ்சிக்கிடுவாங்க’ன்னு கையப் பிடிச்சிச் சொன்னாராம். அதான் ரெண்டு வருசமா வெட்டுதாக. இம்புட்டு நாளா ஏன் ஒருத்தரும் வரலன்னு ஒங்ககிட்டக் கேக்காக, வக்கீல் அண்ணாச்சி.”



அவள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. நான் எழுதியது.

இனி நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். 1941 ஐப்பசியில் வன்னியபெருமாள் என் ஆபீஸ் முகவரிக்கு எழுதினார். யுத்தம் இங்கே வரும் போலிருக்கிறது, புறப்பட்டு வந்துவிடட்டுமா, செல்லக்கனியைப் பயமுறுத்த வேண்டாம் என்று உங்களைக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். அவருடைய ஒப்பந்தம் மறு வருஷம் பங்குனிவரை இருந்தது. எழுத்து மூலமான விடுவிப்பு இன்றி வேலையை விட்டுப் புறப்படுவது ஒப்பந்த மீறல். பின்னால் வேறிடத்தில் வேலை கிடைப்பதற்கும் தடையாகும். விடுவிப்புக் கேட்டு மனு கொடுத்து, அது வரும்வரை பொறுத்திருப்பதே முறை என்று நவம்பர் 14ஆம் தேதி பதில் எழுதினேன். அது அவர் கையில் கிடைத்தபோது தேவபிரசாதம் வந்த கப்பல் துறைமுகத்தில்தான் நின்றிருக்கிறது. பவுலைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அந்த ஆலோசனையைச் சட்டப் புத்தகங்களோடு மீண்டும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் பிழையில்லை. ஒரு பிழையாவது இருந்திருந்தால் அதைப் பற்றிக்கொண்டு அழுதிருப்பேன்.

ஐந்து வருஷம் உன் வீட்டில் சாப்பிட்டேன், இதைச் சொல்லவில்லை. அவர் வர விரும்பவில்லையோ என்று நீ நினைப்பாய் என எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கடிதத்தை இத்துடன் அனுப்புகிறேன். ஓர் ஆவணத்தை முழுமையாகத்தான் காட்ட வேண்டும். அதில் ஒரு வரியைப் பற்றி நான் இங்கே எதுவும் எழுதவில்லை. எழுத முயன்றேன், கை வரவில்லை.

மரணத்தை இங்குள்ள பதிவாளரிடம் பதிய வேண்டும். மனைவியின் சம்மதம் இதற்குத் தேவையில்லை. நானே மனுச் செய்யலாம். இருந்தும் கேட்கிறேன். உன் விருப்பம் என்ன?

காசிலிங்கம்

*

மாப்பிள்ளையூரணி
3 செப்டம்பர் 1946

அண்ணனுக்கு,

நீங்கள் அனுப்பிய பழைய காகிதத்தை வாசித்தேன். மடித்து மடித்து நாலாகக் கிழிந்திருக்கிறது. கடைசி வரிக்கு முந்தின வரியில், “செல்லக்கனியிடமும் கலந்து பேசினேன், அவள் விருப்பமும் இதுவே” என்று இருக்கிறது. அந்த ஒரு வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறது. இரண்டு தரம் போட்ட கோடு.

நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. அந்த ஐப்பசி நம் வீட்டில் நீங்கள் இரண்டு நாள் தங்கினீர்கள். கருவாட்டுக் குழம்பு வைத்தேன். எதிரே உட்கார்ந்து பரிமாறினேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வரச் சொல்லுங்கள் என்றிருப்பேன். அந்த வரியை நீங்கள் ஏன் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். கெட்ட எண்ணம் இல்லை. நீங்கள் சரி என்று நினைத்தது எனக்கும் சரியாகத்தான் இருக்கும் என்று எழுதிவிட்டீர்கள்.

அவர் வர வேண்டாம் என்று நான் சொன்னதாக நினைத்துக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை என்று இனி எந்த முகவரிக்கு எழுதுவேன்? அப்படி நினைத்துக்கொண்டும் என் அடையாளத்தை வைக்கச் சொல்லியிருக்கிறார். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தாலியை நானே கழற்றி வைத்தேன். யாரையும் கூப்பிடவில்லை. ஆடிச் செவ்வாயில் சோறு தின்ற ஊரை இன்னொரு தரம் கூப்பிட எனக்கு முகம் இல்லை. அண்டாவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் முத்துக்கனி மதினி என் கழுத்தைப் பார்த்தாள். அண்டாவைக் கீழே போட்டுவிட்டாள்.

விருப்பம் என்ன என்று கேட்டிருந்தீர்கள். பதிவு செய்யுங்கள். அதில் எங்கேயும் என் விருப்பம் என்று எழுத வேண்டாம். உங்களுக்கு மன்னிப்பு உண்டு என்று நான் இப்போது எழுதினால் அதுவும் நான் நினைக்காததை எழுதியது போல ஆகிவிடும். ஊருக்கு வந்தால் கொஞ்ச நாள் இங்கன வராமல் இருங்கள். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது.

அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்லியனுப்புங்கள். இனி நகம் வெட்ட வேண்டாம். ஆள் வந்தாச்சு என்று சொல்லுங்கள். அவள் மகனுக்கு அவள் ஏதாவது அடையாளம் வைத்திருந்தாளா என்றும் கேளுங்கள். எந்தக் கரையிலாவது யாராவது பார்ப்பார்கள் இல்லையா.

சாம்பல் பெட்டை பதினொரு குஞ்சு பொரித்திருக்கிறது. நேற்று ஏழாம் நாள். பாக்குவெட்டியை எடுத்து ஒரு குஞ்சைக் கையில் பிடித்தேன். அது காலை நீட்டிக்கொண்டு இருந்தது. விட்டுவிட்டேன்.

முத்துக்கனி மதினி பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏளா, அடையாளம் போடலியா? என் குஞ்சோட கலந்துட்டுன்னா பொறவு என்னையச் சொல்லக் கூடாது.”

“சொல்லல மதினி.”

சாயங்காலம் அவள் பஞ்சாரத்தில் எத்தனை அடைந்தன, என் பஞ்சாரத்தில் எத்தனை அடைந்தன என்று நான் எண்ணவில்லை.

செல்லக்கனி